ஜிலேபிக்கு முப்பத்திரண்டு டிகிரி

அப்துல் வஹாப் கரண்டுக்குப் பயப்படாத மனிதர். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் இருபத்தெட்டு வருஷமாக ரீஃபர் மெக்கானிக். ரீஃபர் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை, லாரி நீளத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ். இறாலும் மருந்தும் மாம்பழக் கூழும் அதற்குள் குளிர்ந்து உட்கார்ந்துதான் கப்பல் ஏறும். நானூற்று நாற்பது வோல்ட் ஓடுகிற பெட்டி வரிசைக்கு நடுவே நின்று நிதானமாக டீ குடிக்கிற ஆள் அவர்.

அப்பேர்ப்பட்டவருக்குப் பாம்பு என்றால் அலர்ஜி. அலர்ஜி என்பது அவர் சொல்லிக்கொள்வது. நாம் உண்மையைச் சொல்லிவிடுவோம், பயம். டிவியில் பாம்பு வந்தால் சோபா மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிற பயம்.

மனைவி இஷ்ரத் அப்படியே தலைகீழ். பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கச் சொன்னாலும் நறுக்குவாள். கரண்டுதான் அவளுக்கு எமன். வாஷிங் மெஷின் ஒருநாள் லேசாக உதைத்ததிலிருந்து வீட்டில் எந்த சுவிட்சையும் மரக்கரண்டியால்தான் தட்டுவாள். இந்த இரண்டு பேருக்கும் பிறந்த ஒரே பெண் அனம், காலேஜில் விலங்கியல் படிக்கிறவள், எதற்குமே பயப்படமாட்டாள். அது யார் வீட்டு ரத்தம் என்று இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் இன்றுவரை சண்டை போடுகிறார்கள்.

அந்த அனம்தான் மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு ராயபுரம் வீட்டுக்குள் வந்தாள்.

"பால் பைத்தான், அத்தா. பந்து மாதிரி சுருண்டுக்கற மலைப்பாம்பு, ஆப்பிரிக்கா ஜாதி. விஷம் கெடையாது. பதிவு பண்ணி சர்ட்டிஃபிகேட்டெல்லாம் கீது."

"சர்ட்டிஃபிகேட் கீறதால கடிக்காதா?" என்றார் வஹாப், சோபாவின் கைப்பிடி மேல் நின்றபடி.

எப்போது பார்த்தாலும் சுருண்டு சுருண்டு பழுப்பு நிறத்தில் உட்கார்ந்திருந்ததால் இஷ்ரத் அதற்கு ஜிலேபி என்று பெயர் வைத்தாள். ஃப்ரீசரில் கீமாவுக்கும் மீனுக்கும் நடுவில் அதன் தீனியான எலி டப்பாவுக்கு ஓர் இடமும் ஒதுக்கினாள். அன்றிலிருந்து வஹாப் அந்த ஃப்ரிட்ஜில் ஐஸ் தண்ணி எடுப்பதை நிறுத்திவிட்டார்.

எலி டப்பாதான் தீரவேயில்லை. டிசம்பர் மாசம், விடாத மழை, கடல் காற்று சந்துக்குள் புகுந்து ஊளையிட்டது. உடம்பில் சூடு ஏறாமல் ஜிலேபி ஒரு எலியைக்கூடத் தொடவில்லை. பாம்பைக் கொடுத்தவர் பெயர் அறிவு, மாதவரத்தில் சட்டப்படி பாம்பு வளர்க்கிறவர், கண்டிப்பான ஆசாமி. மூன்று வாரம் வெள்ளோட்டம் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். அவரிடமிருந்து அனம் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது.

"வெள்ளிக்கெயம மூணு மணிக்கு வர்றேன்மா. பெட்டில ஒரு பக்கம் முப்பத்திரண்டு டிகிரி, இன்னொரு பக்கம் இருபத்தாறு இருக்கணும். தெர்மோஸ்டாட் இல்லாம சொம்மா ஒரு பல்ப மாட்டி வச்சிருந்தா, ஜிலேபிய தூக்கிகினு போய்ட்டே இருப்பேன். அப்பால அழக்கூடாது."

அனம் அந்தப் போனை எடுத்துக்கொண்டு வந்து வஹாப் எதிரில் உட்கார்ந்தாள். அவள் அவரிடம் எதையாவது கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கம்ப்யூட்டர் படி என்று அவர் சொல்ல, விலங்கியல்தான் என்று அவள் நிற்க, அன்று விழுந்த விரிசல். அதற்குப் பிறகு காலேஜ் ஃபாரத்தில் கையெழுத்து வேண்டுமென்றால்கூட இஷ்ரத் வழியாகத்தான் வரும்.

"ஊருக்கே கூலிங் போடுற, அத்தா. ஒரு பாம்புக்கு சூடு போட்டுத் தரமாட்டியா?"

அவ்வளவுதான். மனிதர் கரைந்துபோனார்.

ஒரு ஸ்க்ரூவை லூசாக விட்டால் போதும், வெள்ளிக்கிழமை மூணு மணிக்குப் பாம்பு தொலைந்தது. இந்த நினைப்பு அவருக்கு வராமல் இல்லை. வந்தது, டீ குடித்து முடிக்கும்வரை இருந்தது, போய்விட்டது. மகள் கேட்ட வேலையை அரைகுறையாகச் செய்ய அவருக்குக் கை வராது. அது ஒரு வியாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழனும் வெள்ளியும் லீவு போட்டார். தண்டையார்பேட்டையில் ஒரு கடை மூடியபோது விலைக்கு வந்த கண்ணாடி ஷோகேஸைத் தூக்கி வந்து ஹாலில் வைத்து வேலையை ஆரம்பித்தார். வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தருகிற பீங்கான் பல்பு, அதற்குப் பீங்கான் ஹோல்டர். பாம்பு போய் அதைக் கட்டிப்பிடித்துச் சுட்டுக்கொள்ளக் கூடாதென்று சுற்றிலும் கம்பி வலைக் கூண்டு. ஒயர் நுழைகிற ஓட்டையில் ரப்பர் வளையம். எர்த் இருக்கிற மூணு பின் ப்ளக். தண்ணீர் கிண்ணத்தை ஒயர் இல்லாத பக்கம் தள்ளினார். ஒயரை ப்ளக்குக்குக் கீழே தொங்கவிட்டு ஒரு வளைவு கொடுத்து மேலே ஏற்றினார்.

"அது இன்னாத்துக்கு தொங்குது? அசிங்கமா கீதே" என்றாள் இஷ்ரத், பத்தடி தள்ளி நின்று.

"தண்ணி ஒயர் மேல வயிஞ்சா வளைவுலயே சொட்டிடும். ப்ளக்குக்குள்ள போவாது."

ப்ளக்கின் கழுத்தில் யார்டு வழக்கப்படி ஒரு சிவப்பு அட்டையும் கட்டினார். 'வேலை நடக்கிறது. தொடாதே. அப்துல் வஹாப்.' யார்டில் அந்த அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அதைக் கழற்றலாம். மேனேஜரே வந்தாலும் தொடக் கூடாது. இஷ்ரத்துக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போய், மிக்சிக்கும் ஒன்று கேட்டாள்.

ஜன்னலில் பக்கத்து வீட்டு கெங்கம்மாவின் முகம் தெரிந்தது. காசிமேட்டில் விடியற்காலையே மீன் விற்றுவிட்டு, மிச்சப் பகலெல்லாம் அடுத்த வீட்டு ஜன்னலில் கழிக்கிற பொம்பளை.

"இன்னா பாய், பாம்புக்கு ஹீட்டராமே? மே மாசம் வர்ற வரிக்கும் பொறுக்க சொல்லு. நம்ம ஊரே ஹீட்டரு தான்!"

சந்தே சிரித்தது. வஹாப் கண்டுகொள்ளவில்லை. ஒரு பழைய நோட்டை எடுத்துக் கோடு போட்டு, யார்டில் எழுதுவது போலவே தலைப்பு எழுதினார்: நேரம், டிகிரி, சரக்கின் நிலை. பாம்பு என்று எழுதக்கூட அவருக்குக் கை கூசியது. சரக்கு என்று எழுதினால் கொஞ்சம் தைரியமாக இருந்தது. எழுதியதை அடிப்பதோ தாளைக் கிழிப்பதோ யார்டில் கிடையாது. அதை அவர் இருபத்தெட்டு வருஷத்தில் ஒருநாளும் மீறியதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், சூட்டைப் பார்த்துக் கரண்டை விட்டு நிறுத்துகிற தெர்மோஸ்டாட்டைக் கடைசியாக மாட்டினார். முப்பத்திரண்டில் வைத்து, அட்டையைக் கழற்றிவிட்டு ப்ளக்கைச் சொருகினார். ஒன்றும் நடக்கவில்லை. பல்பு சில்லென்று கிடந்தது. யார்டில் மெஷின் ஓடாவிட்டால் என்ன செய்வாரோ அதையே செய்தார், டிகிரியை இருபதுக்கு இறக்கினார். டிக். உடனே ஓடியது.

"பாத்தியா! மொத தடவ கொஞ்சம் அடம் புடிக்கும்" என்றார் பெருமையாக.

பன்னிரண்டே காலுக்குப் பார்த்தபோது முப்பத்து மூன்று. செட்டிங்கை மறுபடி முப்பத்திரண்டுக்கு ஏற்றினார். இனி தானே நின்று தானே ஓடிக்கொள்ளும் என்று கணக்கு. இப்போது யார்டு சட்டப்படி என்ன செய்ய வேண்டும்? ஒருநாள் முழுக்கப் பெட்டியைக் காலியாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சோதனை முடியாத ரீஃபரில் ஒரு கிலோ இறாலைக்கூட ஏற்ற விடாதவர் அவர். ஆனால் ஹாலில் வேலை நடந்ததால் பாம்பு டப்பா அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அது கண்ணாடிக்குள் போய்ப் பூட்டப்படுவதைப் பார்க்க அவருக்கு அப்படி ஒரு அவசரம்.

"உள்ள உட்டுடு அனம். ஜோரா ஓடுது."

அனம் விட்டாள். ஜிலேபி நாக்கை நீட்டிப் புதுவீட்டை முகர்ந்தது. தாயும் மகளும் வண்ணாரப்பேட்டையில் ஒரு வலிமா கல்யாண விருந்துக்குக் கிளம்பினார்கள். மூணு மணிக்குள் வந்துவிடுவோம் என்றார்கள். பிரியாணி பரிமாறுகிற வீட்டிலிருந்து யார் மூணு மணிக்குள் வந்திருக்கிறார்கள்? வஹாப் நோட்டில் 'சரக்கு: நலம்' என்று எழுதிவிட்டு ஜும்மாவுக்குப் போனார்.

தொழுகை முடிந்து, தெருமுனையில் தோஸ்துகளிடம் பாம்பு வீட்டைப் பற்றி அளந்துவிட்டு, இரண்டு பத்துக்குக் கதவைத் திறந்தார். பெட்டிக்குள் அவர் தனியாக ஒட்டி வைத்திருந்த இன்னொரு தெர்மாமீட்டர் கத்திக்கொண்டிருந்தது. நாற்பது புள்ளி ஆறு.

ஒரே தாவலில் ப்ளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிய கையோடு அட்டையைக் கட்டினார். கட்டிய கையோடு நோட்டிலும் எழுதினார்: 2.10, 40.6. பழக்கம், என்ன செய்ய? அதற்குப் பிறகுதான் உள்ளே பார்த்தார். ஜிலேபி தண்ணீர் கிண்ணத்துக்குள் தன்னை மொத்தமாகத் திணித்துக்கொண்டு, தலையை மட்டும் கண்ணாடி இடுக்கில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. ஆட்டமில்லை, அசைவில்லை.

"அய்யய்யோ" என்றார் வஹாப்.

அனமுக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. இஷ்ரத்துக்கு அடித்தார். இஷ்ரத்தின் போன் சமையலறையிலிருந்தே பாடியது. கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டார், ஃபேனைத் திருப்பிவிட்டார். சூடு இறங்கட்டும் என்று நின்று பார்க்க நேரமில்லை. பாம்பு உள்ளே இருக்கும்போது ஒயரில் கை வைக்கவும் முடியாது. முதலில் சரக்கை இறக்க வேண்டும். இறக்குகிற ஆள் யார் என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வீட்டில் வேறு ஆளில்லை.

பீரோவைத் திறந்தார். உறைகுளிர் பெட்டிக்குள் போகும்போது போடுகிற உடுப்பு இருந்தது. தடித்த கோட்டு, தடித்த பேன்ட், முழங்கை வரை வருகிற கையுறை. சட்டையைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் போட்டார். மூஞ்சிக்கு என்ன வழி? மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினார்.

ஜன்னலில் கெங்கம்மா.

"யம்மாடி! இன்னா பாய், நெலாவுக்கா கெளம்பிட்ட?"

"கெங்கம்மா, பாம்ப வெளிய எடுக்கணும். கொஞ்சம் வாயேன்."

"மீனுன்னா வருவேன். இத்த நீயே பாரு."

ஹெல்மெட் கண்ணாடியில் அவர் மூச்சே பனியாகப் படிந்தது. ஒன்றும் தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினார். கையுறை போட்ட கையைக் கிண்ணத்துக்குள் விட்டார். பாம்பு வழுக்கியது, கிண்ணம் உருண்டது, எதைப் பிடித்தோம் எதை விட்டோம் என்று விரலுக்கு விளங்கவில்லை. இந்தக் கையுறையோடு இழுத்தால் அதன் முதுகெலும்பு போய்விடும் என்று தோன்றியது. 'சொந்தப் பொண்ணு ஒரே ஒரு வாட்டி கேட்டா, அதையும் கொன்னுப்புட்டியேடா பாவி' என்று தன்னைத்தானே திட்டினார். கையுறைகளைப் பிடுங்கி எறிந்தார். கோட்டும் கனத்தது, அதையும் எறிந்தார். கண்ணை இறுக்கி மூடி, பிஸ்மில்லா சொல்லி, வெறுங்கையைக் கொடுத்தார்.

ஈரமாக இருக்கும் என்று ஐம்பத்து நாலு வருஷமாக நினைத்திருந்தார். தண்ணீர் வடிந்ததும் அது நல்ல தோல் பெல்ட் மாதிரிதான் இருந்தது, சூடாக. ஜிலேபி ஒரு தரம் நெளிந்தது. நாக்கு வெளியே வந்தது. உயிர் இருக்கிறது!

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவர் போட்ட சத்தத்தில் கெங்கம்மா ஜன்னல் கம்பியை விட்டுவிட்டாள்.

உயிர் இருந்த ஜிலேபி அவருடைய இடது கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஏறிச் சுற்றிக்கொண்டது. சமையலறைத் தரையின் குளிர்ச்சியில் கால்மணி நேரம் அப்படியே உட்கார்ந்தார். டப்பாவுக்குள் இறக்கலாம் என்று வாலைப் பிரித்தால் தலை சுற்றியது, தலையைப் பிரித்தால் வால் சுற்றியது.

"உட்டுடும்மா. பேஜாரு பண்ணாத. வேலை கெடக்குது" என்று கெஞ்சினார். பாம்பு கேட்கவில்லை. மணி இரண்டு நாற்பது.

சரி, ஒரு கை போதும். பாம்புக் கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தெர்மோஸ்டாட்டின் முதுகைத் திருப்பி, மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் நெற்றியில் அடித்துக்கொண்டார். அதில் இரண்டு ஜோடித் துளைகள். ஒன்று குளிர வைக்கிற மெஷினுக்கு, இன்னொன்று சூடாக்குகிற மெஷினுக்கு. இருபத்தெட்டு வருஷமாகக் குளிர் ஒயரையே மாட்டி மாட்டிப் பழகிய விரல், கண்ணைக் கேட்காமலே போய்க் குளிர்த் துளையில் ஒயரைச் சொருகியிருந்தது. குளிர் மெஷின் உள்ளே சூடு கூடினால் ஓடும், குறைந்தால் நிற்கும். இங்கே மாட்டியிருந்ததோ ஹீட்டர். சூடு கூடக் கூட அது விடாமல் ஓடியிருக்கிறது. காலையில் அது அடம் பிடித்ததற்கும் அதுதான் காரணம்.

"கெங்கம்மா! அந்த ஒயர மட்டும் புடிச்சுக்க. கரண்டு கெடையாது, ப்ளக்கு கயட்டியாச்சு."

"பாம்பு?"

"அது என்னாண்ட கீது."

கெங்கம்மா வீட்டுக்குள் வராமலே ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒயரின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். வஹாப் ஒற்றைக் கையால் ஸ்க்ரூவைக் கழற்றினார், ஒயரைச் சரியான துளைக்கு மாற்றினார், முறுக்கினார். ஒவ்வொரு முறுக்குக்கும் ஜிலேபி ஸ்க்ரூ டிரைவரை முகர்ந்து பார்த்தது. வாசலில் பைக் சத்தம். அறிவு.

வந்தவர் வாசலிலேயே நின்றார். கீழே உறைகுளிர் பேன்ட், மேலே பனியன், இடது கையில் பாம்பு, வலது கையில் ஸ்க்ரூ டிரைவர், ஜன்னலில் ஒயர் பிடித்த ஒரு கை.

"அனம் அப்பாதானே? பாம்புன்னா பயம்னு சொல்லுச்சே உங்க பொண்ணு."

"அலர்ஜி" என்றார் வஹாப்.

அறிவு பெட்டியைக் குனிந்து குனிந்து பார்த்தார். வலைக் கூண்டு, ரப்பர் வளையம், தொங்குகிற ஒயர், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ப்ளக்கைச் சொருகக் கை நீட்டினார்.

"தொடாதீங்க! அட்டை எம்பேர்ல கீது. நான்தான் எடுக்கணும்" என்று வஹாப் பாய்ந்து வந்து அட்டையைக் கழற்றி, பாம்போடு ப்ளக்கைச் சொருகினார்.

பெட்டி முப்பத்து நாலுக்கு இறங்கியிருந்தது. பல்பு ஓடவில்லை. மூன்று பேரும் நம்பரையே பார்த்தபடி நின்றார்கள். முப்பத்து மூன்று. முப்பத்திரண்டு. முப்பத்தொன்று புள்ளி ஐந்து. டிக். ஓடியது. மறுபடி முப்பத்திரண்டு. டிக். நின்றது. கெங்கம்மா ஜன்னலில் விசில் அடித்தாள்.

"சூப்பர்ங்க. நோட்டுல எழுதி வேற வச்சிருக்கீங்களா? காட்டுங்க" என்றார் அறிவு.

அந்தப் பக்கத்தில் 2.10, 40.6 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கிழித்தால் ஒரு நொடி வேலை. காட்டினால் பாம்பு மாதவரம் போய்விடும். அனம் திரும்பி வந்து வெறும் பெட்டியைப் பார்ப்பாள், அப்புறம் எத்தனை வருஷத்துக்கு அவரிடம் எதுவும் கேட்கமாட்டாளோ. அன்று டீ குடிக்கையில் இவர் ஆசைப்பட்டது இதுதானே, பாம்பு போகட்டும் என்று? இப்போது அதை நினைக்கவே கசந்தது. நோட்டை நீட்டினார்.

"தப்பு என்னுது. குளிர் தொளைல மாட்டிட்டேன். காலியா ஓட்டிப் பாக்காமயே உள்ள உட்டேன். அதுவும் நான் சொல்லித்தான். பொண்ணு மேல ஒண்ணும் கெடையாது."

அறிவு படித்தார். பாம்பின் வாயைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், முதுகைத் தடவினார். மறுபடி நோட்டைப் படித்தார்.

"பதினேழு வூட்டுக்குப் பாம்பு குடுத்துக்கீறேன். போய்க் கேட்டா எல்லாரும் முப்பத்திரண்டு, முப்பத்திரண்டுன்னுதான் சொல்றாங்க. நாப்பதுன்னு எயுதி வச்ச மொத ஆளு நீங்கதான், பாய்."

பையிலிருந்து ஃபாரத்தை எடுத்தார். பெட்டி நாளைவரை காலியாக ஓட வேண்டும், அதுவரை ஜிலேபி டப்பாவில் இருக்கலாம் என்றார். பொறுப்பாளர் என்ற இடத்தில் அனம் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரையும் எழுதினார்.

"இன்னா எயுதறீங்க?"

"அட்டை உங்க பேர்ல கீதுல்ல. அப்ப பாம்புலயும் பாதி உங்க பேர்லதான்."

அனமும் இஷ்ரத்தும் நாலு மணிக்கு, ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார்கள். இஷ்ரத் ஹாலில் கிடந்த ஹெல்மெட்டையும் கோட்டையும் பார்த்தாள். அனம் அப்பாவின் கையைப் பார்த்தாள். வஹாப் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஜிலேபியின் தலையைத் தொட்டாள். அப்படியே அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"கை வலிக்கலையா, அத்தா? குடு, நான் எடுக்கறேன்."

"இருக்கட்டும். இப்பதான் தூங்குது" என்றார் அவர்.

நோட்டை அவள்தான் பிடித்துக்கொண்டாள். வஹாப் வலது கையால் நேரம் எழுதினார், காலிப் பெட்டியின் டிகிரி எழுதினார். சரக்கின் நிலை என்ற இடத்துக்கு வந்ததும் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதினார்: 'ஜிலேபி: நலம்.'